வட்டத்துக்குள் ஒரு வரிசை

(புதுச்சேரித் தேங்காய்த்திட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முன்வரிசையில் கணினி படிக்கிற பிள்ளைகள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் துறைமுகத்திலிருந்து வந்த பெரியவர்கள் சிலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வலைப்பக்கத்தில் பட்டன்களை வட்டமாக அடுக்குவது, அந்த வேலையை ஒருமுறை எழுதிவைத்துவிட்டுப் பல இடங்களில் எடுத்தாள்வது, இதுதான் இன்றைய பேச்சு. இதைப் பேச ஒரு மணி நேரமா என்று பின்னால் நிற்பவர்கள் நினைத்தால் அது நியாயம்தான். அதனால் அவர்கள் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்று ஒரு மையம் இருக்கிறது. இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் என்பது அதன் முழுப்பெயர். கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரில் உள்ள பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, மீன் கூட்டம் எங்கே இருக்கக்கூடும் என்று அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பின் ஒரு வரியில் என்ன இருக்கும்? மீன் இறங்குதளத்தின் பெயர், திசை, அந்தத் திசை எத்தனை டிகிரி, எத்தனை கிலோமீட்டர் முதல் எத்தனை கிலோமீட்டர் வரை, ஆழம், பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை. எல்லாம் அட்டவணையாக வரும். உதாரணத்துக்கு நானே ஒரு வரி எழுதிக்கொள்கிறேன்: தென்கிழக்கு, 130 டிகிரி, 25 முதல் 30 கிலோமீட்டர்.

இந்த வரியைப் படிப்பவர் மனத்துக்குள் என்ன செய்கிறார்? துறைமுக வாயிலில் நின்று முகத்தைத் திருப்பி, 130 டிகிரி எந்தப் பக்கம் என்று பார்க்கிறார். ஏட்டில் வரிசையாக வந்ததைத் தன்னைச் சுற்றி வட்டமாக மாற்றிக்கொள்கிறார். அந்த மாற்றும் வேலையைத் திரையே செய்துவிட்டால் என்ன? நடுவில் நம் துறைமுகம், சுற்றிலும் இன்றைய இடங்கள் அந்தந்தத் திசையில். இங்கே வட்டம் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. திசை என்பதே வட்டமான சங்கதி.

காரணமில்லாத வட்டங்களைத்தான் நாம் அதிகமாகப் பார்க்கிறோம். ஒரு நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தால் நடுவில் அவர்கள் சின்னம், சுற்றி ஆறு பட்டன்: முகப்பு, சேவைகள், படங்கள், தொடர்பு, இன்னும் இரண்டு. 'தொடர்பு' ஏன் தென்மேற்கில் இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பக்கத்தை வடிவமைத்தவரிடமே பதில் கிடையாது. கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். பக்கத்திலேயே ஆரோவில் இருக்கும்போது அதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாத்ரிமந்திரைச் சுற்றி 12 இதழ்கள் இருக்கின்றன, சுற்றிலும் 12 தோட்டங்கள். அது மனிதர் கால்நடையாகச் சுற்றி வருவதற்கான இடம். போன் திரையை யாரும் சுற்றி வருவதில்லை. கட்டடத்தில் பொருந்தும் வட்டம் கையகலத் திரையில் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

வட்டத்துக்கு நியாயமான இன்னொரு காரணமும் உண்டு, அது கையின் வேகம். 1954-இல் பால் ஃபிட்ஸ் என்கிற உளவியலாளர் ஒரு விதியைக் கண்டார். கை ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், அந்த இலக்கு எவ்வளவு தொலைவு, எவ்வளவு அகலம் என்ற இரண்டையும் பொறுத்தது. மேலிருந்து கீழே தொங்கும் பட்டியலில் முதல் வரி பக்கம், எட்டாவது வரி தூரம். வட்டத்தின் நடுவில் விரல் இருந்தால் எட்டும் ஒரே தூரம். 1988-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் காலஹான், ஹாப்கின்ஸ், வைசர், ஷ்னைடர்மன் நால்வரும் எட்டு வரிப் பட்டியலையும் எட்டுக் கூறு வட்டத்தையும் மக்களிடம் கொடுத்து ஒப்பிட்டார்கள். வட்டம் சுமார் 15 விழுக்காடு வேகம், தவறும் குறைவு. இதைக் காட்டி எல்லாவற்றையும் வட்டமாக்குங்கள் என்று சிலர் பிரசாரம் செய்தார்கள். எட்டு என்ற எண்ணை அவர்கள் மறந்துவிட்டார்கள். அந்த எண்ணுக்கு நான் பிறகு வருகிறேன்.

இப்போது வட்டம் போடும் கணக்கு. பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இது. கணக்குப் புத்தகத்தில் கோணம் கிழக்கிலிருந்து தொடங்கி இடப்பக்கமாகச் சுற்றும். கடலில் கோணம் வடக்கிலிருந்து தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றும். திரையில் இன்னொரு வேடிக்கை: கீழே போகப் போக எண் கூடும். புத்தகச் சூத்திரத்தை அப்படியே எடுத்துப் போட்டால், வடக்கே இருக்கவேண்டியது கிழக்கே போய் உட்காரும். படகும் அங்கேதான் போகும். சரியான வழி இது: வலப்பக்கம் எவ்வளவு தள்ளுவது என்பதற்கு ஆரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்குங்கள். மேலே எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு ஆரத்தைக் கொசைனால் பெருக்குங்கள். திரை தலைகீழ் என்பதால் இரண்டாவதற்குக் கழித்தல் குறி. 90 டிகிரிக்குச் சைன் ஒன்று, கொசைன் சுழி. ஆக அந்தப் புள்ளி நேர் வலப்பக்கம், கிழக்கு, போய்ச் சேரும். சரிதானா என்று பார்க்க இந்த ஒரு சோதனை போதும்.

இந்தச் சைன் அட்டவணையை ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே 24 மதிப்புகளாக எழுதி வைத்துவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட ஆரம் 3438. ஏன் அந்த எண் என்றால், ஒரு முழு வட்டத்தில் 21,600 கலைகள் இருக்கின்றன, அதை இரண்டு பையால் வகுத்தால் ஏறத்தாழ அதுதான் வரும். அவர் அட்டவணையாகத் தந்ததைப் பக்க அலங்காரம் எழுதும் சி.எஸ்.எஸ். மொழிக்குக் கொண்டுவர 2023 மார்ச் ஆயிற்று. அந்த மாதத்தில்தான் குரோமிலும் சைனும் கொசைனும் வந்து, முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அவை கிடைக்கத் தொடங்கின. அதற்கு முன்னால் ஒரு குறுக்கு வழி இருந்தது: பொருளைச் சுழற்று, ஆரம் அளவு தள்ளு, பிறகு சுழற்றிய அளவுக்கே திருப்பிச் சுழற்று. அந்த மூன்றாவது படியை விட்டுவிட்டால் 'தெற்கு' தலைகீழாகத் தொங்கும். இன்றும் இணையத்தில் அப்படித் தலைகீழாகத் தொங்கும் எழுத்துகளைப் பார்க்கலாம்.

கணக்கு முடிந்தது, வட்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் நின்று பாருங்கள். உங்களுக்குக் கடல் எத்தனை பக்கம்? கிழக்கே மட்டும். நம் கரை ஏறக்குறைய வடக்கு வடகிழக்கிலிருந்து தெற்கு தென்மேற்காகப் போகிறது. முழு வட்டம் போட்டால் பாதித் திரை நிலம். மேற்கே வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் தேர் ஓடும், வஞ்சிரம் ஓடாது. கீழைக் கடற்கரையில் இருக்கிற பெரும்பாலான துறைகளுக்கும் இதே கதைதான். ராமேசுவரம் போன்ற தீவுக்கு வேண்டுமானால் முழு வட்டம் தேவைப்படலாம். ஆகவே பல இடங்களில் எடுத்தாள நாம் எழுதும் துண்டு, அதாவது காம்பொனென்ட், 'வட்டம்' என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது. எந்தக் கோணத்தில் தொடங்கி எந்தக் கோணத்தில் முடியவேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

கேட்டுக்கொண்டால் உடனே ஒரு பிழை காத்திருக்கும். மீன் இருக்கும் இடங்களுக்கு அவற்றின் டிகிரி கூடவே வருகிறது, அவற்றை நாம் பங்குபோடத் தேவையில்லை. ஆனால் பட்டன்களைச் சம இடைவெளியில் வைக்கும்போது கோணத்தைப் பங்குபோட்டாகவேண்டும். முழு வட்டத்தில் எட்டுப் பட்டன் என்றால் 360-ஐ எட்டால் வகுக்கிறோம், 45 டிகிரிக்கு ஒன்று. அரைவட்டத்தில் ஐந்து பட்டன் என்றால் 180-ஐ ஐந்தால் வகுக்கக்கூடாது. வகுத்தால் 36 டிகிரி வரும், கடைசிப் பட்டன் 144-லேயே நின்றுவிடும், தெற்கு காலியாகக் கிடக்கும். நான்கால் வகுக்கவேண்டும். முழு வட்டத்தில் கடைசிக்கும் முதலுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, அரைவட்டத்தில் அது இல்லை. சிறிய விஷயம்தான், இதை ஒருமுறை சரியாக எழுதி உள்ளே வைத்துவிட்டால் அடுத்தவர் இந்தக் குழியில் விழமாட்டார். மறுபடி மறுபடி எடுத்தாளும் பொருளாக எழுதுவதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது.

அந்தப் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். 2011-இல் அலெக்ஸ் ரஸ்ஸல் என்பவர் வெப் காம்பொனென்ட் என்ற எண்ணத்தை ஒரு மாநாட்டில் முன்வைத்தார். பிரவுசருக்குத் தெரிந்த குறிச்சொற்களோடு நாமே புதிய குறிச்சொற்களைச் செய்து சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பிரவுசர்கள் ஒத்துவர வருடங்கள் ஆயின. இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் குரோமில் 2016, சஃபாரியில் 2017, ஃபயர்ஃபாக்ஸில் 2018, எட்ஜில் 2020 தொடக்கம். இப்போது எந்தத் துணை நூலகமும் இல்லாமல் எல்லாவற்றிலும் ஓடுகிறது. புதிய குறிச்சொல்லின் பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்கவேண்டும், நடுவில் ஒரு சிறுகோடு வேண்டும். அந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் மீதியைத் தமிழிலேயே எழுதலாம், விதி இடம் கொடுக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது? கல்யாண வீட்டில் பந்தி போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். வந்திருப்பவர் மாமாவா, அலுவலக நண்பரா என்று அவர் கேட்பதில்லை. எத்தனை இலை, எவ்வளவு இடம், எங்கிருந்து தொடங்குவது, இவ்வளவுதான் அவர் கவலை. நம் காம்பொனென்டும் அப்படியே. தன் வயிற்றுக்குள் ஒரு வாசல் வைத்திருக்கிறது, அதற்கு ஸ்லாட் என்று பெயர். வெளியே நாம் எதை எழுதினாலும் அந்த வாசல் வழியாக வந்து தெரியும்: பட்டன், படம், எதுவானாலும். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, ஒவ்வொருவருக்கும் 'நீ இத்தனையாவது' என்று ஓர் எண்ணைக் கொடுக்கிறது. சி.எஸ்.எஸ். அந்த எண்ணை வைத்துக் கோணத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ வாசலில் சேதி வரும், மறுபடி எண்ணி அமர்த்தும். போனைத் திருப்பிப் பிடித்தால் அளவு மாறியதையும் கவனித்து ஆரத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்போது சில பிரவுசர்களில், வந்தவர் எத்தனையாவது என்பதைச் சி.எஸ்.எஸ்.ஸே நேராகச் சொல்லிவிடுகிறது. எல்லாப் பிரவுசரிலும் அது வரும் வரை இந்த எண்ணிக்கை வேலை நம்முடையது.

இதைச் சுற்றி ஷேடோ டாம் என்று ஒரு மதில் உண்டு. பழைய பக்கங்களில் யாரோ எப்போதோ 'எல்லாப் பட்டனும் சிவப்பு, எல்லாம் இடப்பக்கம்' என்று எழுதிவைத்திருப்பார்கள். மதிலுக்கு உள்ளே நாம் வைத்திருக்கும் நடுவட்டத்தையும் கோடுகளையும் அந்தக் கட்டளை தொடாது. ஆனால் எழுத்துருவும் வரி இடைவெளியும் மதிலைத் தாண்டி உள்ளே வரும். அதுவும் நல்லதுதான், பக்கத்தில் இருக்கும் தமிழ் எழுத்துருவே வட்டத்திலும் வரும்.

நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது இனிமேல் சொல்வது. அந்தக் குறிச்சொல்லுக்கு உள்ளே நாம் எழுதுவது சாதாரணப் பட்டியலாக இருக்கவேண்டும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று ஒரு வரிசை. வட்டம் அந்த வரிசையின் மேல் போடும் சட்டை. ஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டால், படகு கரையை விட்டு விலகி சிக்னல் அறுந்துபோன நேரத்தில் பாதிப் பக்கம் மட்டும் இறங்கியிருந்தால், சட்டை போகட்டும், வரிசையாவது தெரியவேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எல்லாவற்றையும் ஸ்கிரிப்டுக்கு உள்ளே வைத்து, வட்டமாகவே பிறக்கவைக்கிறார்கள். ஸ்கிரிப்ட் நின்றால் வெள்ளைத் திரை.

இது ஏதோ தொழில் சுத்தம் பேசுகிறவனின் பிடிவாதம் என்று நினைக்கவேண்டாம். அரியாங்குப்பம் ஆற்றுக்கு அக்கரையில் வீராம்பட்டினம் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது அந்த ஊரும் அதில் இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இணையம் என்றால் என்னவென்றே நாட்டில் பெரும்பாலோருக்குத் தெரியாத காலம் அது. வலை பின்னிக்கொண்டே காதால் கேட்டார்கள், திரையைப் பார்க்கத் தேவையில்லை. பிறகு 2004 டிசம்பர் 26. தெற்கே நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது, கடல் பொங்குகிறது என்று. அங்கிருந்த அதே மாதிரித் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொன்னார்கள், மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊர் மேட்டுக்கு ஓடித் தப்பியது.

ஒலிபெருக்கியில் வட்டத்தைச் சொல்ல முடியாது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்ல முடியும். கண் தெரியாதவர் பயன்படுத்தும் திரை வாசிப்பானும் அப்படித்தான், காதுக்கு வட்டம் கிடையாது. உள்ளே நல்ல வரிசை இருந்தால் அதை வாசிக்கும்: வடகிழக்கு, 50 டிகிரி, இத்தனை கிலோமீட்டர். அடுத்தது கிழக்கு. வரிசை வடக்கில் தொடங்கி வலமாகப் போகவேண்டும். கோயிலில் நாம் வலம் வரும் திசையும் கடிகாரம் போகும் திசையும் ஒன்றே என்பதால் இதில் யாருக்கும் குழப்பமில்லை. விசைப்பலகையில் மட்டும் ஒரு சிக்கல் வரும். வட்டத்தின் இடப்பாதியில் வலமாகப் போவது என்றால் மேலே ஏறுவது. கீழ் அம்புக்குறியை அழுத்துகிறவர் மேலே போனால் திகைப்பார். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. கீழ் அம்பும் வல அம்பும் 'அடுத்தது' என்று ஒரே பொருள் தரட்டும், எங்கே இருக்கிறோம் என்பதை அழுத்தமான கோட்டால் காட்டுங்கள், இதற்கு மேல் நம்மால் ஆவதில்லை. அரைவட்டம் கிழக்குப் பக்கமாகவே இருக்கும் நம் ஊருக்கு இந்தத் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. நம் கரைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

எட்டு என்ற எண்ணுக்கு வருகிறேன் என்றேன். வட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு பட்டன்களுக்கு நடுவே உள்ள தூரம் ஆரத்தின் இருமடங்கு பெருக்கல் ஒரு சைன். 180-ஐ எண்ணிக்கையால் வகுத்து வரும் கோணத்தின் சைன் அது. ஈரமான விரல், ஆடும் படகு, பிளாஸ்டிக் உறைக்குள் போன். பட்டன் 48 பிக்சல் அகலமாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2023-இல் வந்த இணைய அணுகல் விதிகள் 24 பிக்சலைக் குறைந்த அளவாகச் சொல்கின்றன. அது ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர் விரலுக்குச் சரி. 48 பிக்சலுக்கு எட்டுப் பட்டன் என்றால் ஆரம் 63 பிக்சல் போதும், உள்ளங்கைக்குள் அடங்கும். 12 என்றால் 93. சாதாரண போனின் திரை 360 பிக்சல் அகலம், ஓரம் விட்டால் ஆரம் 140-க்கு மேல் போகாது. அதில் ஒட்டி ஒட்டி வைத்தாலும் 18 பட்டன்தான். நடுவே விரல் தவறாமல் இருக்க எட்டு பிக்சல் விட்டால் 15. அதற்கு மேல் என்றால் வட்டம் உங்களுக்கு உதவாது.

அதற்கு மேல் வேண்டும் என்றால் என்ன செய்வது என்பதற்குத் தஞ்சாவூரில் 17-ஆம் நூற்றாண்டிலேயே பதில் இருந்தது. இசை அறிஞர் வேங்கடமகி 72 தாய் ராகங்களை, அதாவது மேளங்களை, வகுத்தார். 72-ஐ ஒரே வட்டத்தில் 48 பிக்சல் பட்டன்களாக வைத்தால் குறுக்களவு 1100 பிக்சல், மூன்று போனை ஒட்டவைத்தாலும் போதாது. சங்கீதக்காரர்கள் எப்படி வைத்துக்கொண்டார்கள்? 12 சக்கரம், சக்கரத்துக்கு ஆறு ராகம். இந்து, நேத்ரம், அக்னி என்று சக்கரத்தின் பெயரிலேயே அது எத்தனையாவது என்பதும் ஒளிந்திருக்கிறது: சந்திரன் ஒன்று, கண் இரண்டு, தீ மூன்று. முதல் ஆறு சக்கரம் சுத்த மத்யமம், அடுத்த ஆறு பிரதி மத்யமம், ஒன்றுக்கு நேர் எதிரே அதன் இணை. நான்காவது மேளத்திற்கு எதிரில் நாற்பதாவது. வட்டத்தில் எதிரெதிர் இருப்பது என்பதற்கு இங்கே இசையிலேயே பொருள் இருக்கிறது. முதலில் 12-இல் ஒன்றைத் தொடு, அது விரிந்து ஆறைக் காட்டும். இரண்டு தொடலில் 72. நம் காம்பொனென்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாலே இது வந்துவிடும். தான் யாருக்கு உள்ளே இருக்கிறோம் என்று அது கேட்பதில்லை. கர்நாடக இசை படிக்கும் பிள்ளைகளுக்கு யாராவது இதைச் செய்து கொடுக்கலாம், நல்ல பயிற்சி.

எழுத்துக்கு வருவோம். வட்டத்தின் ஓரமாகவே எழுத்துகளை வளைத்து எழுதுவது நாணயத்திலும் அலுவலக முத்திரையிலும் இருக்கிறது, திரையிலும் கேட்கிறார்கள். இதற்கு வழக்கமாக எழுதும் ஸ்கிரிப்ட், சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு கோணத்தில் வைக்கும். ஆங்கிலத்துக்குச் சரியாக ஓடும். அதே ஸ்கிரிப்டில் நம் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். தே, ங், கா, ய், த், தி, ட், டு. நமக்கு எட்டு எழுத்து. கணினிக்கு 16 குறி. த தனி, ஏகாரக் கொம்பு தனி, ங தனி, புள்ளி தனி. எட்டு எழுத்திலும் ஒரு துணைக்குறி இருக்கிறது என்பதால் சரியாக இரட்டிப்பு. விளைவு, வட்டத்தில் ஓர் உடல், அடுத்து புள்ளிக்கோட்டு வட்டத்தோடு ஒட்டி நிற்கும் ஒரு கொம்பு, அடுத்து ஓர் உடல், அடுத்து ஒரு புள்ளி. படிக்கவே முடியாது. இதற்குப் பிரவுசரிலேயே மருந்து இருக்கிறது. எழுத்துகளை மனிதர் எண்ணுவது போலப் பிரித்துத்தரும் செக்மென்டர் என்ற கருவி, ஃபயர்ஃபாக்ஸ் 2024-இல் ஏற்றுக்கொண்ட பிறகு எல்லா முக்கியப் பிரவுசரிலும் கிடைக்கிறது. அதைப் போட்டால் எட்டு எழுத்து, 45 டிகிரிக்கு ஒன்று, எட்டுத் திசைக்கு எட்டு எழுத்தாக நம் ஊர்ப் பெயர் அழகாக அமர்ந்துவிடும். 'க்ஷ' வரும் சொல்லில் மட்டும் இன்னும் 'க்' தனி, 'ஷ' தனி என்று பிரிக்கும். அதை நாமே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

எழுத்தை வளைக்காமல் நேராக எழுதினாலும் அகலம் தொல்லை கொடுக்கும். ஆங்கிலத்தில் திசைக்கு ஓரெழுத்து, ஈரெழுத்து போதும். நமக்குத் 'தென்கிழக்கு', 'வடமேற்கு'. வட்டத்தின் வலப்பக்கம் எழுதும்போது சொல் வட்டத்தில் தொடங்கி வெளியே ஓடலாம். இடப்பக்கம் வெளியே தொடங்கி வட்டத்தில் முடியவேண்டும். உச்சியிலும் அடியிலும் நடுவாக நிற்கவேண்டும். உச்சியில் இரண்டு நீளமான சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஆரத்தைக் கூட்டினாலும் முழுதாகத் தீராது.

இந்த இடத்தில் நம் சோதிடர்களைப் பாராட்டவேண்டும். சோதிடத்தை நம்புகிறேனா என்பது வேறு கதை. ராசி மண்டலம் வட்டம், மேல்நாட்டார் அதை வட்டமாகவே வரைகிறார்கள். நம்மவர்கள் அதைச் சதுரக் கட்டமாக்கிவிட்டார்கள். ஓரமெங்கும் 12 கட்டம், மேல்வரிசையில் இடமிருந்து இரண்டாவது மேஷம், அங்கிருந்து வலமாகச் சுற்று. நடுவில் ராசி என்றோ அம்சம் என்றோ எழுத இடம். வட்டத்தின் சுற்று அப்படியே இருக்கிறது, ஆனால் எழுத நேரான இடம் கிடைத்துவிட்டது. ஒரே வீட்டில் நாலைந்து கிரகம் கூடினாலும் எழுதலாம். குறுகிப் போகும் கேக் துண்டில் அப்படி எழுத முடியாது. இதைத்தான் காரணமாக நினைத்துச் செய்தார்கள் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் எழுத்து அகலமான மொழிக்கு இது சரியான தீர்வு. ஆகவே நம் காம்பொனென்டில் இன்னொரு வசதி வையுங்கள்: இடம் போதாதபோது அதே வரிசை வட்டத்திலிருந்து ராசிக்கட்டம் போலச் சதுரச் சுற்றாக மாறட்டும். உள்ளே இருப்பது வரிசைதானே, சட்டையை மாற்றுவது பெரிய வேலையில்லை.

திசையைப் பற்றி இன்னொன்று, பின்னால் நிற்பவர்கள் இதைச் சரிபார்க்கலாம். வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று. கொண்டல் கிழக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. காற்றுக்கு வரும் திசைதான் பெயர், வானிலை அறிக்கையும் அப்படியே சொல்கிறது. நீரோட்டத்துக்கு அறிவியலார் போகும் திசையைச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே வட்டத்தில் ஒரே மாதிரி அம்பாக வரைந்தால், ஒன்று பொய் சொல்லும். வாடைக்கு வட்டத்தின் உச்சியில் ஒரு குறி வைத்து, அம்பு உள்ளே நடுவை நோக்கி வரட்டும். நீரோட்டத்துக்கு நடுவிலிருந்து வெளியே போகட்டும். வரைந்த பிறகு கடலுக்குப் போகிறவர் ஒருவரிடம் காட்டி, 'இது எந்தப் பக்கம் தள்ளும், ஐயா?' என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர் தப்பாகச் சொன்னால் படம் தப்பு.

கடைசியாக ஆண்டு. மாதங்களைச் சனவரி முதல் டிசம்பர் வரை ஒரு கோட்டில் எழுதினால், நம் கரைக்கு மிக முக்கியமான பருவம் கோட்டின் முனையில் போய் அறுந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி ஆண்டு முடிவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. கோட்டில் அது ஒரு முனை, அடுத்த சில நாட்கள் மறு முனை. வட்டத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அதேபோல மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 365-இல் அது ஏறத்தாழ 60 டிகிரி, வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. விசைப்படகுக்காரருக்கு ஆண்டில் ஆறில் ஒரு பங்கு கரையில் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அட்டவணையும் காட்டாது.

அந்த 61 நாளில் திசை வட்டம் என்ன காட்டும்? தடைக்காலத்தில் மீன் இருப்பிட அறிவிப்பு வெளிவருவதில்லை. கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் இல்லை. அப்போது காம்பொனென்டுக்கு உள்ளே வரிசை காலி, எண்ணிக்கை சுழி. கோணத்தைப் பங்குபோடும் முழு வட்டம் என்றால் வகுக்கும் எண் சுழியாகிக் கணக்கு உடையும், அதை முதலிலேயே தடுத்துவிடுங்கள். அது நிரல் எழுதுகிறவர் கவலை. பார்க்கிறவர் கவலை வேறு: நடுவில் துறைமுகம், சுற்றிலும் ஒன்றுமில்லாத வட்டம். 'இன்றைக்கு மீன் இல்லை' என்று அது சொல்வதாக எடுத்துக்கொள்வார். மீன் இல்லை என்பதும், அறிவிப்பு இல்லை என்பதும், போகக்கூடாது என்பதும் மூன்று வேறு சேதிகள். கொந்தளிப்பான நாளில் அந்த மூன்றாவது சேதிதான் உயிர் காப்பது. ஆகவே வரிசை காலியாக இருக்கும்போது வட்டத்தையே வரையாதீர்கள். அந்த இடத்தில் பெரிய எழுத்தில் காரணத்தை எழுதுங்கள், ஒலிபெருக்கியில் அப்படியே படிக்கக்கூடிய ஒரே வாக்கியமாக. என் பேச்சு இவ்வளவுதான். கேள்விகளைப் பின்வரிசையிலிருந்து தொடங்கலாம்.